பணப்பையை மூடலாம்... கணக்கு நோட்டை மூடலாமா?

பஸ்சில் கூட்டம் ஏறியதும் ஒரு கை தானாகப் போய் மணிபர்ஸ் மேல் உட்காருகிறது. அதை யாரும் குற்றம் என்று சொல்வது இல்லை. மவுண்ட்ரோட்டில் பட்டப்பகலில் சம்பளப் பணத்தை ஒவ்வொரு நோட்டாக எண்ணிக் காட்டிக்கொண்டே நடப்பவனைத்தான் "என்னய்யா, புத்தி கெட்டுப் போச்சா?" என்று கேட்பார்கள்.

கிரிப்டோ நாணயம் என்று வந்துவிட்டால் மட்டும் இந்த நியாயம் தலைகீழாகிவிடுகிறது. "மறைக்கிற நாணயமா? அப்போ அவன் கேடிதான்" என்று ஒரு கட்சி. "மறைக்கிற நாணயம் வந்தாச்சு. இனிமே இன்கம்டாக்ஸ்காரன் என்ன செய்வான் பார்ப்போம்" என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சி பேச்சும் தப்பு. அதிலும் இரண்டாவது கட்சியின் பேச்சை நம்பினால் கையில் இருப்பதும் போய், கோர்ட்டு படியும் ஏற வேண்டி வரும்.

சுவரில் தொங்கும் பேரேடு

பிட்காயின் 2009 ஜனவரியில் பிறந்தது. அதில் ரகசியம் அதிகம் என்று இன்றைக்கும் பலர் நினைக்கிறார்கள். விஷயம் நேர் எதிர். யாரிடம் இருந்து யாருக்கு எவ்வளவு போனது என்ற பேரேடு, தெருச்சுவரில் ஆணி அடித்து மாட்டிய மாதிரி, உலகத்துக்கே திறந்து கிடக்கிறது. பெயர் இருக்காது. பெயருக்குப் பதில் நீளமாக ஒரு விலாசம் இருக்கும். அவ்வளவுதான்.

அந்த விலாசம் இன்னாருடையது என்று ஒரே ஒரு தடவை தெரிந்தால் போதும். இருப்பு எவ்வளவு, போன மாதம் எவ்வளவு வந்தது, எங்கே போனது எல்லாம் பல்லை இளித்துவிடும். சரக்கு போடுகிறவர், கடைப்பையன், எதிர்க்கடைக்காரர் யார் வேண்டுமானாலும் செல்போனில் உட்கார்ந்த இடத்தில் பார்க்கலாம். பாங்கி பாஸ்புக்கை யாராவது கடை வாசலில் தொங்கவிடுவார்களா?

பணம் இருப்பது ஊருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்பதற்கு பிரான்சு நாட்டில் நடந்த சம்பவம் ஒன்று போதும். கிரிப்டோ நாணயங்களைப் பத்திரமாக வைக்கும் கருவிகளை விற்கும் 'லெட்ஜர்' கம்பெனியை ஆரம்பித்தவர்களில் ஒருவர் டேவிட் பல்லான். 2025 ஜனவரியில் அவரையும் மனைவியையும் வீட்டில் இருந்தே ஒரு கும்பல் கடத்தியது. அவரது கைவிரலை வெட்டி, கிரிப்டோவாகப் பணம் கேட்டார்கள். போலீசார் இருவரையும் உயிரோடு மீட்டார்கள். பேரேட்டைப் பார்த்துத்தான் அந்தக் கும்பல் வந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் 'ஆசாமியிடம் காயின் இருக்கிறது' என்ற பேச்சு ரவுடியை வீட்டு வாசல் வரை கூட்டி வரும் என்பது நிச்சயம்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. அந்தக் கும்பலுக்குக் கொடுத்த பணத்தில் பெரும்பகுதியை போலீசார் பின்தொடர்ந்து முடக்கிவிட்டார்கள். பேரேடு திறந்து கிடந்ததால்தான் அது நடந்தது. ரகசியம் வேண்டும் என்று வாதாடுகிறவர்கள் இதை விழுங்கிவிட்டுப் பேசக்கூடாது.

அடையாள அணிவகுப்பு

2014 ஏப்ரலில் வந்தது மொனீரோ. அது எப்படி மறைக்கிறது? போலீசார் நடத்தும் அடையாள அணிவகுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஒரு காசை அனுப்பும்போது, பேரேட்டில் உள்ள வேறு 15 பழைய காசுகளையும் மொனீரோ கூடவே வரிசையில் நிறுத்திவிடும். மொத்தம் 16. எது நிஜமாகச் செலவான காசு என்று வெளியே நின்று பார்க்கிறவன் கைகாட்ட முடியாது. பெறுகிறவருக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு புது விலாசம் தானாக முளைக்கும். தொகையை மறைக்கும் ஏற்பாடு 2017-ல் சேர்ந்தது.

2016 அக்டோபரில் வந்த ஜீ-கேஷ் வேறு ரகம். அதில் திறந்த விலாசமும் உண்டு, மூடிய விலாசமும் உண்டு. எது வேண்டும் என்பது வைத்திருப்பவர் இஷ்டம்.

இரண்டிலும் முக்கியமான ஒரு சங்கதியை "இன்கம்டாக்ஸ்காரன் என்ன செய்வான்" என்று தொடை தட்டுகிறவர்கள் சொல்வதே இல்லை. அதுதான் பார்வைச் சாவி. பணத்தை எடுக்கும் சாவி வேறு, பார்க்கும் சாவி வேறு. பார்க்கும் சாவியை ஆடிட்டரிடம் கொடுத்தால் அவர் வரவைப் பார்க்கலாம், ஒரு காசைக்கூட எடுக்க முடியாது. மொனீரோவில் இந்த சாவி வந்த பணத்தை மட்டும்தான் காட்டும். போன பணத்துக்குத் தனியாகக் குறிப்பு வைக்க வேண்டும். தெருவுக்கு மூடி, தேவைப்பட்டவருக்கு மட்டும் திறந்து காட்டுவதற்கு இந்த நாணயத்திலேயே வழி இருக்கிறது.

புருஷன்-பெண்டாட்டி மாட்டிய கதை

மொனீரோவுக்குள் போய்விட்டால் தடயமே இருக்காது என்று நம்பி நாசமான கதை ஒன்று உண்டு. 2016 ஆகஸ்டில் 'பிட்பைனெக்ஸ்' என்ற கிரிப்டோ எக்ஸ்சேஞ்சில் 1 லட்சத்து 19 ஆயிரத்து 754 பிட்காயின்கள் கொள்ளை போயின. கைவரிசை காட்டியவர் இலியா லிக்டன்ஸ்டைன். அதை வெள்ளையாக்க உதவியவர் அவருடைய மனைவி ஹெதர் மார்கன். அந்த அம்மாள் 'ராசில்கான்' என்ற பெயரில் பாட்டு பாடி வீடியோ போட்டுக்கொண்டு இருந்தார்! கொள்ளைப் பணத்தைப் பூட்டி வைத்துக்கொண்டு இப்படி ஊரைக் கூப்பிட்டுப் பாடியவரை போலீஸ் சரித்திரத்தில் தேட வேண்டும்.

பிட்காயினில் ஒரு பகுதியை மொனீரோவாக மாற்றினார்கள். பிறகு வேறு நாணயம், வேறு எக்ஸ்சேஞ்ச், கள்ளப் பெயரில் கணக்கு என்று என்னென்னவோ செய்தார்கள். மாட்டியது எங்கே? வெளியே எடுக்கிற இடத்தில்! கடையில் சாமான் வாங்கும் 500 டாலர் பரிசு அட்டை கூட அமெரிக்க அதிகாரிகளின் கணக்கில் வந்துவிட்டது. ஆன்லைனில் சேமித்து வைத்திருந்த ஒரு பைலை அதிகாரிகள் உடைத்துத் திறந்தார்கள். உள்ளே ஆயிரக்கணக்கான விலாசங்களும் சாவிகளும் வரிசையாக இருந்தன. 2022 பிப்ரவரியில் நியூயார்க்கில் ஜோடி கைதானது. 94 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிட்காயின் பறிமுதல். அன்றைய மதிப்பு 360 கோடி டாலர். 2024 நவம்பரில் கணவருக்கு 5 ஆண்டும் மனைவிக்கு 18 மாதமும் ஜெயில் தண்டனை கிடைத்தது.

நாணயம் எவ்வளவு மறைத்தாலும், அரிசி பருப்பு வாங்க ஒருநாள் ரூபாயாகவோ டாலராகவோ வெளியே வந்துதான் ஆக வேண்டும். அந்த வாசலில் பெயர் கேட்பார்கள், பான் கார்டு கேட்பார்கள்.

அண்ணாச்சி கணக்கு முடங்கினால்...

கொள்ளைக்காரன் வெளியே வரும் வாசலில் மாட்டுகிறான். அப்பாவியோ முதல் வியாபாரத்திலேயே மாட்டிக்கொள்கிறான். சென்னைவாசிகள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

கொத்தவால்சாவடியில் ஒரு மளிகைக்கடை அண்ணாச்சி என்று வைத்துக்கொள்வோம். தங்கச்சி மகன் பேச்சைக் கேட்டு கொஞ்சம் மொனீரோ வாங்கி வைத்தார். இப்போது கடைக்கு சரக்கு எடுக்க ரூபாய் தேவை. எக்ஸ்சேஞ்சுக்குப் போகாமல் ஆளுக்கு ஆள் நேரடியாக விற்கும் வழியில் இறங்குகிறார். முகம் தெரியாத ஒரு ஆசாமி செல்போனில் வருகிறான். மார்க்கெட் விலைக்கு மேலேயே தருகிறேன் என்கிறான். "அண்ணாச்சி, ரூபா போட்டாச்சு. உங்க கணக்குல பாருங்க. காயினை விடுங்க" என்கிறான். பார்க்கிறார். நிஜமாகவே 3 லட்சம் வந்திருக்கிறது. காயினை அனுப்பிவிடுகிறார்.

அந்த 3 லட்சம் யாருடையது? கோவையில் 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டப்பட்ட ஒரு ரிட்டயர்டு வாத்தியாருடையது! மோசடிக்காரன் வாத்தியாரிடம் "இந்தக் கணக்கில் போடு" என்று அண்ணாச்சியின் கணக்கு எண்ணைக் கொடுத்திருக்கிறான். வாத்தியார் விழித்துக்கொண்டு 1930-க்கு போன் செய்கிறார். மறுநாள் அண்ணாச்சியின் பாங்கிக் கணக்கு முடக்கம். சரக்குக்குக் கொடுத்த செக் திரும்புகிறது. கடைப்பையனுக்குச் சம்பளம் கொடுக்க முடியவில்லை. அண்ணாச்சி எந்த ஊர் சைபர் போலீசுக்கு நடப்பார்?

இது கற்பனை அண்ணாச்சி. ஆனால் இந்த மாதிரி ஆளுக்கு ஆள் விற்று பாங்கிக் கணக்கு முடங்கியவர்கள் நிஜமாகவே ஊர் ஊருக்கு இருக்கிறார்கள்.

பிட்காயினாக இருந்தால் "இதோ பாருங்க சார், அன்றைக்கே அனுப்பிவிட்டேன்" என்று பேரேட்டைக் காட்டலாம். மொனீரோவில் பேரேடு வாய் திறக்காது. அண்ணாச்சியைக் காப்பாற்ற வேண்டிய சாட்சியையே அந்த நாணயம் மறைத்துவிட்டது! ரகசியம் என்பது அவருக்கே வினையாகிப் போனது.

இதற்கும் வழி இல்லாமல் இல்லை. ஒவ்வொரு முறை அனுப்பும்போதும் மொனீரோ வாலட் அந்த அனுப்புதலுக்கென்று ஒரு தனிச் சாவியை உண்டாக்கும். அந்தச் சாவியையும் பெற்றவரின் விலாசத்தையும் சேர்த்துக் காட்டினால், "இந்த விலாசத்துக்கு இவ்வளவு போனது உண்மை" என்று நிரூபிக்கலாம். ஆனால் போன் தொலைந்து, ரகசியச் சொற்களை வைத்து வாலட்டை மறுபடி உண்டாக்கினால் பணம் திரும்பும். இந்தச் சாவிகள் திரும்பாது. அன்றன்றைக்கு நோட்டில் எழுதி வைத்திருந்தால்தான் உண்டு.

அதைவிட முக்கியம், பணம் போட்ட பாங்கிக் கணக்கின் பெயரும் பேரம் பேசிய ஆளின் பெயரும் ஒன்றா என்று பார்ப்பது. "என் மச்சான் கணக்குல இருந்து போடுறேன்" என்றால் வியாபாரமே வேண்டாம். மார்க்கெட் விலைக்கு மேல் தருகிறேன் என்கிறவன் தர்மப்பிரபுவாக இருக்க மாட்டான்.

30 சதவீத வரி

சட்டம் என்ன சொல்கிறது? கிரிப்டோ வியாபாரத்துக்கு பாங்கிகள் உதவக்கூடாது என்று ரிசர்வ் பாங்கி 2018 ஏப்ரலில் போட்ட உத்தரவை, சுப்ரீம் கோர்ட்டு 4-3-2020 அன்று ரத்து செய்தது. அதற்குப் பிறகு வந்த சட்டங்களிலும் கிரிப்டோ வைத்திருப்பதே குற்றம் என்று இல்லை. மறைக்கும் நாணயத்தை வைத்திருப்பதற்கு என்று தனியாக ஒரு தடையும் சட்டத்தில் எழுதப்படவில்லை.

ஆனால் வரி உண்டு. 2022 ஏப்ரல் முதல் லாபத்தில் 30 சதவீதம், அதற்கு மேல் செஸ். வாங்கிய விலையைத் தவிர வேறு எந்தச் செலவையும் கழிக்க முடியாது. ஒரு நாணயத்தில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் ஈடுகட்டவும் முடியாது. இது கொஞ்சம் அநியாயம்தான். குதிரைப் பந்தயக்காரனையும் இவனையும் ஒரே தட்டில் வைத்துவிட்டார்கள். அநியாயமாக இருந்தாலும் சட்டம் சட்டம்தான்.

1-7-2022 முதல், வாங்குகிறவர் 1 சதவீதம் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். சிறிய ஆட்களுக்கு வருஷத்துக்கு ரூ.50 ஆயிரம் வரை விலக்கு, மற்றவர்களுக்கு ரூ.10 ஆயிரம் வரை. எக்ஸ்சேஞ்ச் வழியாக வாங்கினால் இதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். நேரடியாக வாங்கினால் பொறுப்பு வாங்குகிறவர் தலையில்.

பலர் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பிட்காயினைக் கொடுத்து மொனீரோ வாங்கினால், "ரூபாயே கைக்கு வரலையே, வரி எங்கே?" என்று கேட்கிறார்கள். மாற்றிய நிமிஷமே பிட்காயினை விற்றதாகக் கணக்கு. அன்றைய விலைக்கு லாபம் இருந்தால் அப்போதே வரி. அதற்குப் பிறகு மொனீரோ விலை பாதாளத்துக்குப் போனாலும் அந்த வரி போகாது.

கணக்கில் காட்டாமல் வைத்திருந்தால்? சோதனையில் சிக்கும் கணக்கில் வராத வருமானம் எது என்ற பட்டியலில் இந்தச் சொத்தும் 1-2-2025 முதல் சேர்க்கப்பட்டுவிட்டது. அதற்கான வரி 30 சதவீதம் அல்ல, 60!

இன்னொரு சட்டமும் இருக்கிறது. சட்டவிரோத பணப்பரிமாற்ற தடைச் சட்டத்தின் கீழ் கிரிப்டோ எக்ஸ்சேஞ்சுகள் 2023 மார்ச்சில் கொண்டுவரப்பட்டன. மத்திய அரசின் நிதி புலனாய்வுப் பிரிவில் அவை பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யாமல் வெளிநாட்டில் இருந்து கடை விரித்த 9 எக்ஸ்சேஞ்சுகளுக்கு 2023 டிசம்பரில் நோட்டீசு பறந்தது. உலகத்திலேயே பெரிய எக்ஸ்சேஞ்சான 'பைனான்ஸ்' 2024 ஜூனில் ரூ.18 கோடியே 82 லட்சம் அபராதத்துக்கு ஆளானது. மற்றவர்களுக்காக நாணயம் மாற்றிக் கொடுப்பதைத் தொழிலாகவே செய்கிறவருக்கும் இந்தப் பதிவு விதி பொருந்தும். "ரெண்டு பர்சென்ட் கமிஷன் கொடு, நான் மாத்தித் தரேன்" என்று மேன்சன் ரூமில் உட்கார்ந்து வியாபாரம் செய்யும் பையன்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

35 நிமிஷத்தில் வந்த ஆபத்து

சட்டப்படி இருந்தாலும் திருடன் விடுவானா? 2019 நவம்பரில் மொனீரோவின் சொந்த இணையதளத்துக்குள்ளேயே யாரோ புகுந்து, வாலட் புரோகிராமை எடுத்துவிட்டு சாவி திருடும் புரோகிராமை வைத்துவிட்டான். சுமார் 35 நிமிஷம் அது அங்கே இருந்தது. டவுன்லோடு செய்த ஒருவர், பைலின் ஹாஷ் எண்ணை, அதாவது பைலுக்கு உள்ள கைரேகை மாதிரியான எண்ணை, ஒப்பிட்டுப் பார்த்தார். ஒத்துப்போகவில்லை. அவர் கூவியதால்தான் குட்டு வெளிப்பட்டது. அசல் கடையிலேயே போலிச் சரக்கு! விளம்பரத்தைப் பார்த்து வாலட் இறக்குகிறவர் கதியைக் கேட்க வேண்டுமா?

மொனீரோ வாலட்டுக்கு 25 ரகசியச் சொற்கள் இருக்கும். அதைப் போட்டோ பிடித்து போனில் வைப்பது, பீரோ சாவியைத் திண்ணையில் வைப்பதற்குச் சமம். லிக்டன்ஸ்டைன் போன்ற பலே கில்லாடியே ஆன்லைனில் வைத்துத்தான் மாட்டினார். பேப்பரில் எழுதி, எல்.ஐ.சி. பாலிசி இருக்கும் இடத்தில் வைக்கலாம். வீட்டில் இன்னொருவருக்கு அந்த இடம் தெரிய வேண்டும். வைத்தவர் கண்ணை மூடினால் எந்தக் கோர்ட்டாலும் அதைத் திறந்து கொடுக்க முடியாது.

மொனீரோ விலாசம் 95 எழுத்து. காப்பி செய்து ஒட்டும் நேரத்தில் விலாசத்தையே மாற்றிவிடும் திருட்டுப் புரோகிராம்கள் உண்டு. முன்னால் நாலு, பின்னால் நாலு எழுத்தையாவது பார்க்காமல் பட்டனைத் தட்டக்கூடாது. போனது போனதுதான். புகார் வாங்க மானேஜர் கிடையாது.

எக்ஸ்சேஞ்சிலேயே போட்டு வைக்கலாமே என்பார்கள். 18-7-2024 அன்று 'வசீர்எக்ஸ்' எக்ஸ்சேஞ்சில் சுமார் ரூ.2 ஆயிரம் கோடி களவு போனதை மறந்துவிட்டார்கள் போலும். அந்த விவகாரத்தில் ஒரு முதலீட்டாளர் சென்னை ஐகோர்ட்டுக்கு வந்தார். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2025 அக்டோபரில் தீர்ப்பு சொன்னார். கிரிப்டோ நாணயம் பணம் இல்லை, ஆனால் அது ஒரு சொத்து, ஒருவருக்காக இன்னொருவர் பாதுகாத்து வைக்கக்கூடிய சொத்து என்பது தீர்ப்பு. பறிபோனவர்களுக்கு இது பெரிய தெம்பு. ஆனால் சொத்து என்று வழக்கு போட, அது தன்னுடையது என்று காட்ட பேப்பர் வேண்டும். மொனீரோவை ரசீது இல்லாமல் சந்தில் வாங்கியவர் எதைக் காட்டுவார்?

கதவைச் சாத்தினால்...

பெரிய எக்ஸ்சேஞ்சுகள் ஒவ்வொன்றாக இந்த நாணயங்களைக் கைகழுவி வருகின்றன. 'பைனான்ஸ்' 2024 பிப்ரவரியில் மொனீரோவை நீக்கியது. துபாய் 2023-லேயே தடை போட்டுவிட்டது. ஐரோப்பிய யூனியனில் 10-7-2027 முதல் எந்த எக்ஸ்சேஞ்சும் இதைக் கையாளக்கூடாது என்று சட்டமே வந்துவிட்டது.

போலீசாரின் கஷ்டம் புரிகிறது. மிரட்டிப் பணம் பறிக்கிற கும்பல் மொனீரோவாகக் கேட்டால் துப்பு துலக்குவது லேசான வேலை இல்லை. ஆனால் கதவைச் சாத்தினால் கேடி வெளியேயா நிற்பான்? அவன் என்றைக்குக் கதவு வழியாக வந்தான்? கதவு சாத்தினால் சந்துக்குள் போவது அண்ணாச்சியும் குமாஸ்தாவும்தான். அங்கே வாத்தியாரின் 3 லட்சத்தோடு ஒருவன் காத்திருக்கிறான். பெயர் கேட்டு, பான் கார்டு வாங்கி, 1 சதவீதம் பிடித்து, ரசீது கொடுத்து விற்கிற எக்ஸ்சேஞ்ச் ஒன்றில் இது கிடைத்தால், வெளியே எடுக்கும்போது பார்வைச் சாவியைக் காட்டு என்று விதி போட்டால், அரசுக்கு வரியும் வரும், போலீசுக்கு விலாசமும் கிடைக்கும்.

டெல்லியில் 2021 குளிர்கால கூட்டத்தொடர் பட்டியலில் கிரிப்டோ மசோதா ஒன்று இடம்பெற்றது. அது சபைக்கு வரவே இல்லை. வரி மட்டும் அடுத்த ஆண்டே வந்துவிட்டது! வசூலிக்கத் தெரிந்தவர்களுக்கு, இந்த நாணயம் வைத்துக்கொள்ளலாமா, எந்தக் கவுண்ட்டரில் வாங்கலாம் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுக்க எத்தனை வருஷம் வேண்டும்?

அதுவரைக்கும், வைத்திருப்பவர்கள் ஒரு 40 பக்க நோட்டு வாங்கிக்கொள்வது உத்தமம். தேதி, யாரிடம் வாங்கியது, எந்த பாங்கிக் கணக்கில் இருந்து எவ்வளவு ரூபாய் போனது, அன்றைய விலை, எவ்வளவு காயின், அனுப்பியது என்றால் அந்தத் தனிச் சாவி. வருமான வரி ரிட்டர்னில் இதற்கென்றே தனிப் பட்டியல் இருக்கிறது. அந்த நோட்டைப் பார்த்து அதை நிரப்பிவிடலாம்.

முன்பே வாங்கி எதையும் எழுதாமல் விட்டவர்கள் ஆடிட்டரைப் பார்க்க இன்னும் நேரம் இருக்கிறது. பாங்கி ஸ்டேட்மென்டில் அந்தப் பழைய தேதி நிச்சயம் இருக்கும்.